‘அங்க’ன்னா எங்க? பாலர் வகுப்பில் படத்தேடல் விளையாட்டு



உயர்நிலை வகுப்புக் கட்டுரைகளைத் திருத்துபவர்களுக்கு இந்த வாக்கியங்கள் நன்றாகப் பழக்கமானவை: ‘மரம் பின்னால் ஒரு நாய் இருந்தது.’ ‘நான் வீடு முன்னால் நின்றேன்.’ ‘பாட்டி பேருந்தில் உட்கார்ந்து இருந்தது.’ எழுதிய மாணவரிடம் கருத்து இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. ஆனால் ‘மரம்’ என்பது ‘மரத்துக்கு’ என்று மாற வேண்டிய இடத்தில் மாறவில்லை. நாம் சாரியை, வேற்றுமை உருபு என்று விதி சொல்லிக்கொடுக்கிறோம். பயிற்சித்தாளில் சரியாகச் செய்துவிடுகிறார்கள். அடுத்த கட்டுரையில் பார்த்தால் மறுபடியும் ‘மரம் பின்னால்’!

வீட்டில் தமிழ் கேட்டு வளரும் குழந்தை இதை விதியாகப் படிப்பதே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே, காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பழகிவிடுகிறது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். ஆகவே, வீட்டில் நடக்க வேண்டிய பழக்கத்தில் ஒரு பகுதி இன்று பாலர் பள்ளியின் கைக்கு வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பாலர் வகுப்பு விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு இதுதான் காரணம். 15 வயதில் நாம் திருத்துவது 5 வயதில் விட்டுப்போனதை.

அந்த வயதுக்கு ஏற்ற எளிய கருவிகளில் ஒன்று படத்தேடல் விளையாட்டு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குழந்தை கண்ணால் தேடினால் மட்டும் போதாது. கண்டுபிடித்ததை வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கருத்தைத்தான் விளக்கப்போகிறேன்.

படத்தேடல் என்றால் என்ன?

நிறைய பொருள்களும் ஆட்களும் நிரம்பிய ஒரு படத்தில், சொன்ன ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் படத்தேடல். இதில் பல வகை உண்டு. கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது ஒன்று. ஒரு கோட்டோவியத்துக்குள் மறைத்து வரையப்பட்ட பொருளைத் தேடுவது இன்னொன்று. இரண்டு படங்களுக்கிடையே வேறுபாடு காண்பதும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

ஜெர்மனியில் அலி மிட்குட்ச் என்ற ஓவியர் 1968இல் வெளியிட்ட நகரப் படநூல், இந்த வகைக் குழந்தை நூல்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அங்கே இவற்றை ‘விம்மல்புக்’ என்பார்கள். ஆட்களும் பொருள்களும் மொய்க்கிற புத்தகம் என்று பொருள் சொல்லலாம். நம் மாணவர்கள் பலருக்கும் தெரிந்த ‘வேர்ஸ் வாலி?’ நூலை மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் 1987இல் பிரிட்டனில் வெளியிட்டார். இவற்றைப் பக்கம் பக்கமாகப் படிக்கத் தேவையில்லை. எந்த மூலையிலிருந்தும் தொடங்கலாம், எந்த மொழியிலும் பேசலாம். தமிழ் வகுப்புக்கு இது பெரிய வசதி.

கண்ணுக்கும் கவனத்துக்கும் என்ன கிடைக்கிறது?

சின்னக் குழந்தைகள் படத்தைப் பார்க்கும் விதம் பெரியவர்களுடையது போன்றதல்ல. எலியான் வுர்பியோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடுகளின் படம். சன்னல்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, இல்லையா? இதுதான் கேள்வி. குழந்தைகளின் கண் எங்கெங்கே போகிறது என்பதை அவர் பதிவு செய்தார். மிகச் சிறியவர்கள் சில சன்னல்களை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒரே மாதிரிதான்’ என்று முடிவு செய்துவிட்டார்கள். வயது கூடக் கூட, இந்தச் சன்னலுக்கு அந்தச் சன்னல் என்று சோடி சோடியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஆக, முழுவதும் பார்ப்பது, வரிசையாகப் பார்ப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது ஆகியவை மெல்ல மெல்ல வளரும் திறன்கள். “மேலேயிருந்து ஆரம்பிப்போமா? இந்தப் பக்கம் பார்த்தாச்சு, இப்ப அந்தப் பக்கம்” என்று ஆசிரியர் கூடவே பேசிக்கொண்டு தேடினால், தேடும் முறையும் அதற்கான சொற்களும் சேர்ந்தே குழந்தைக்குப் போய்ச் சேரும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று தேடச் செய்தால், தமிழ் வாசிப்பின் திசையும் பழகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. படத்தேடல் விளையாடினால் அறிவுத்திறன் கூடும், படிப்பில் கவனம் தானாக வரும் என்றெல்லாம் சில விளம்பரங்கள் சொல்லும். அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு திறனைப் பயிற்சி செய்தால், அந்தத் திறனும் அதற்கு மிக நெருக்கமானவையும்தான் பெரும்பாலும் வளரும். படத்தில் பூனையைத் தேடிப் பழகிய குழந்தைக்கு ‘ன’, ‘ண’ வேறுபாடு தானாகத் தெரிந்துவிடாது. அது வேண்டுமென்றால், எழுத்தையே தேட விட வேண்டும். ‘எ’க்கள் நிறைந்த பக்கத்தில் ‘ஏ’க்களைத் தேடுவது, ‘க’க்களுக்கு நடுவில் ‘த’வைத் தேடுவது போன்றவை அதற்கு உதவும்.

தமிழுக்கு என்ன கிடைக்கிறது?

இதுதான் நமக்கு முக்கியம். ‘எங்கே இருக்கு?’ என்ற ஒரு கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லிப் பாருங்கள். பெயர்ச்சொல்லைத் தொடாமல் சொல்லவே முடியாது. ஆங்கிலத்தில் மரத்துக்கு முன்னாலும் பின்னாலும் எந்தச் சொல் வந்தாலும் ‘மரம்’ என்ற சொல் அப்படியே நிற்கும். தமிழில் அந்தச் சொல்லே உருமாறுகிறது. ‘மரம் பின்னால்’ என்ற பிழை இங்கிருந்துதான் முளைக்கிறது.

பாலர் வகுப்புக்கு வேண்டிய பெயர்ச்சொற்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதல் கூட்டம், அதிகம் மாறாதவை: கூடை – கூடைக்குப் பின்னாடி, மேசை – மேசைக்கு அடியில, பெட்டி – பெட்டிக்குள்ள, கதவு – கதவுக்குப் பக்கத்துல.

இரண்டாம் கூட்டம், ‘ம்’ போய் ‘த்து’ வருபவை: மரம் – மரத்துக்கு மேல, பழம் – பழத்துக்குப் பக்கத்துல, பாத்திரம் – பாத்திரத்துக்குள்ள.

மூன்றாம் கூட்டம், ஒற்று இரட்டிப்பவை: வீடு – வீட்டுக்கு முன்னாடி, மாடு – மாட்டுக்குப் பக்கத்துல, ஆறு – ஆத்துக்கு அந்தப் பக்கம் (எழுத்தில் ‘ஆற்றுக்கு’).

குழந்தையிடம் சாரியை என்றோ குற்றியலுகரம் என்றோ சொல்ல வேண்டியதில்லை. பூனையை எங்கே ஒளித்து வைப்பது என்பதை மட்டும் நீங்கள் யோசித்துச் செய்தால் போதும். ஒரே படத்தில் ஒரு பூனை கூடைக்குப் பின்னாலும், ஒன்று மரத்துக்கு மேலும், ஒன்று வீட்டுக்கு முன்னாலும் இருந்தால், மூன்று கூட்டமும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஒளித்து வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் இலக்கணத்தையும் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

அதேபோல, தேட வேண்டியது யார், எது என்பதும் முக்கியம். பூனை இருக்கு. தம்பி இருக்கான். தங்கச்சி இருக்கா. பாட்டி இருக்காங்க. திணையும் பாலும் மரியாதையும் வினைச்சொல்லின் கடைசியில் மாறுகின்றன. படத்தில் விலங்கை மட்டும் ஒளித்து வைத்தால், குழந்தை ‘இருக்கு’ என்ற ஒன்றை மட்டுமே சொல்லிப் பழகும். பிறகு ‘பாட்டி உட்கார்ந்து இருந்தது’ என்று எழுதினால் நாம் வியப்படையலாமா? ஆகவே, பாட்டியையும் தாத்தாவையும் தம்பியையும் கட்டாயம் ஒளித்து வையுங்கள்.

மூன்றாவதாக, ‘எந்த?’ என்ற கேள்வி. ஆன் டிரைஸ்மன், கேரி ஜெலேட் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட கோட்பாடு இங்கே கைகொடுக்கும். அதைச் சந்தைக் காட்சியாக்கிச் சொல்கிறேன். பச்சை மிளகாய்க் குவியலில் ஒரே ஒரு சிவப்பு மிளகாய் கிடந்தால், அது தானே கண்ணில் படும். குவியல் பெரிதானாலும் தேடும் நேரம் அவ்வளவாகக் கூடாது. ஆனால் சிவப்புக் குடமிளகாயும் பச்சை மிளகாயும் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு சிவப்பு மிளகாயைத் தேடுங்கள். நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால், பொருள்கள் கூடக் கூட நேரமும் கூடும்.

மொழியிலும் இதே கதைதான். படத்தில் ஒரே ஒரு பையன் இருந்தால் ‘பையன்’ என்ற சொல்லே போதும். இரண்டு பையன்கள் இருந்து, ஒருவன் மட்டும் தொப்பி போட்டிருந்தால் ‘தொப்பி போட்ட பையன்’ என்று சொல்ல வேண்டும். இருவருமே தொப்பி போட்டிருந்தால், ‘சிவப்புத் தொப்பி போட்ட பையன்’. இப்படித்தான் பெயரடையும் பெயரெச்சமும் தேவையாகின்றன. ஒத்த உருவங்கள் கூடினால், அவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டிய சொல்லும் கூடும். ஆனால் அளவோடு இருக்க வேண்டும். நான்கு வயதுக்கு ஒரு அடையாளம், ஐந்து ஆறு வயதில் இரண்டு அடையாளம் என்று தொடங்கிப் பாருங்கள்.

சுட்டுவிரல் என்னும் தடை

இவ்வளவு வாய்ப்பு இருந்தும், பல வகுப்புகளில் படத்தேடல் பேச்சே இல்லாமல் முடிந்துவிடுகிறது. காரணம், சுட்டுவிரல். குழந்தை ‘அங்க!’ என்று விரலை வைக்கும். ஆசிரியர் ‘கெட்டிக்காரி!’ என்பார். அடுத்த படம். தமிழில் வந்தது ஒரே ஒரு சொல். கைத்தொலைபேசிச் செயலிகளில் அதுகூட இல்லை. தட்டினால் மணி அடிக்கும், நட்சத்திரம் கொட்டும், அவ்வளவுதான்.

‘அங்க’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாமல், குழந்தையின் முகம் வாடாமல், பேச்சை எப்படி நீட்டுவது? இப்படி ஓர் உரையாடலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்:

– பூனை எங்க இருக்கு?
– அங்க, டீச்சர்!
– அங்கன்னா எங்க? எனக்குத் தெரியலையே. எதுக்குப் பின்னாடி இருக்கு?
– கூடை.
– ஓ, கூடைக்குப் பின்னாடியா! நிறைய கூடை இருக்கே, எந்தக் கூடை?
– மாம்பழக் கூடை.
– மாம்பழக் கூடைக்குப் பின்னாடி... ஆமா, இதோ வால் தெரியுது! இப்ப நம்ம தம்பிக்கு நீ சொல்லு. பூனை எங்க இருக்கு?
– மாம்பழக் கூடைக்குப் பின்னாடி இருக்கு.

ஒரு சொல்லில் தொடங்கிய குழந்தை நான்கு சொல் வாக்கியத்தில் முடித்திருக்கிறது. ஆசிரியர் எங்குமே ‘தப்பு’ என்று சொல்லவில்லை. ‘கூடை’ என்று குழந்தை சொன்னதை ‘கூடைக்குப் பின்னாடி’ என்று விரித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, அதையே சொல்ல ஒரு உண்மையான காரணத்தையும் கொடுத்தார்: தம்பிக்குத் தெரிய வேண்டும்.

இது வெறும் அனுபவ யோசனை இல்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் தலைமையிலான குழுவினர் அமெரிக்காவில் 1988இல் வெளியிட்ட ஆய்வில், படநூல் பார்க்கும்போது திறந்த கேள்வி கேட்கவும், குழந்தையின் பதிலை விரித்துச் சொல்லவும் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன், வழக்கம்போல் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளுடையதைவிட முன்னேறியிருந்தது. இரண்டு தரப்பிலும் படநூல்தான் இருந்தது. மாறியது அதைச் சுற்றி நடந்த பேச்சு.

மூன்று படிகள்

படி ஒன்று: ஆசிரியர் சொல்வார், குழந்தை தேடும். ‘வாழை மரத்துக்குப் பக்கத்துல குடை பிடிச்சிருக்கிற பாட்டி எங்க இருக்காங்க?’ இது கேட்டல் பயிற்சி. இங்கே விரல் வைக்கலாம், தவறில்லை. குழந்தை முதலில் நிறைய கேட்க வேண்டும். வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்கும் குழந்தைகளிடம் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

படி இரண்டு: குழந்தை சொல்லும், ஆசிரியர் தேடுவார். கைகளை மடியில் வைத்துக்கொள்வது விளையாட்டின் விதி. ஆசிரியர் சொன்னதை மட்டும் கேட்டு, வேண்டுமென்றே தவறான இடத்தில் விரல் வைக்கலாம். ‘மரத்துக்கு மேலயா? இங்கதானே?’ ‘இல்ல டீச்சர், மரத்துக்குப் பின்னாடி!’ பெரியவரைத் திருத்துவதில் குழந்தைக்கு இருக்கிற இன்பம் சொல்லி மாளாது.

படி மூன்று: இரண்டு குழந்தைகள், ஒரே படத்தின் இரண்டு பிரதிகள், நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. ஒருவர் சொல்ல, மற்றவர் தேடுவார். இது எளிதல்ல. 1960களில் சாம் குளுக்ஸ்பெர்க், ராபர்ட் கிராஸ் ஆகியோர் இதே போன்று திரை வைத்து ஆய்வு நடத்தினார்கள். பாலர் வயதுக் குழந்தைகள் தங்களுக்கு மட்டுமே புரியும் பெயர்களைச் சொன்னார்கள். கேட்பவருக்கு எது தெரியாது என்பதை யோசிக்கவில்லை. ஆகவே, இந்தப் படியில் கேட்கும் குழந்தைக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: ‘எந்த...?’ அந்த ஒரு சொல் போதும், உரையாடல் ஓடும்.

படம் தயாரிக்கும்போது

• இடம் குழந்தைக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். தேக்கா சந்தை, புளோக்கின் கீழ்த்தளம், விளையாட்டுத் திடல், உணவங்காடி நிலையம், தீபாவளிச் சந்தை போன்றவை நல்ல களங்கள். தெரிந்த இடத்தில் தெரியாத சொல்லைக் கற்பது சுலபம்.

• ஒரு பாடத்துக்கு நான்கைந்து இலக்குகள் போதும். அவை ஒளிந்திருக்கும் இடங்கள் மேற்சொன்ன மூன்று கூட்டத்திலிருந்தும் வரட்டும். மேல, கீழ, உள்ள, பின்னாடி ஆகியவற்றில் இரண்டை மட்டும் முதல் வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

• பெரிய தாளில் அச்சிடுங்கள், அல்லது மின்திரையில் காட்டுங்கள். ஆறு குழந்தைகள் ஒரு சிறிய தாளைச் சுற்றி முட்டிக்கொண்டால் பேச்சு நடக்காது.

• அதே படத்தை அடுத்த வாரமும் பயன்படுத்துங்கள். தேடுவது சுலபமாகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். இடம் தெரிந்த பிறகுதான் குழந்தையின் கவனம் சொல்லுக்குத் திரும்பும். இரண்டாம் வாரத்தில் ‘பாட்டி என்ன செய்றாங்க? ஏன் குடை பிடிச்சிருக்காங்க?’ என்று கதைக்குப் போகலாம்.

• கடிகாரம் வைத்துப் போட்டி நடத்த வேண்டாம். வேகம் கூடினால் விரல் முந்தும், பேச்சு பிந்தும்.

• பாலர் வகுப்பில் பேச்சுத்தமிழே போதும். ‘பின்னாடி’ என்று சரளமாகச் சொல்லும் குழந்தைக்கு ‘பின்னால்’ என்பதைப் பிறகு வாசிப்பில் காட்டுவது எளிது. ‘மரத்துக்கு’ என்ற உருமாற்றம் இரண்டுக்கும் பொதுதான்.

பெற்றோரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள். புத்தகம் வாங்க வேண்டும் என்பதில்லை. பேரங்காடி விளம்பரத் தாள், குடும்ப நிழற்படம், திறந்த குளிர்பதனப் பெட்டி எல்லாமே தேடும் படங்கள்தான். ‘தயிர் எங்க இருக்கு? எதுக்குப் பக்கத்துல?’ என்று ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் கேட்டால் போதும். தமிழ் சரளமாக வராத பெற்றோருக்கும் இந்த அளவு முடியும். அவர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, இது உங்களுக்கும் உதவும். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துப் பேசும்போது பலர் இப்படித் தொடங்குகிறார்கள்: ‘அங்கே ஒரு பையன் இருக்கான். அவன் தட்டு எடுக்கிறான்.’ தேர்வாளருக்கும் அந்தக் காணொளி தெரியும் என்பதால் ‘அங்கே’ போதும் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் மதிப்பிடுவது உங்கள் மொழியை. தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே, எந்த, என்ன செய்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லுங்கள்:

‘உணவங்காடி நிலையத்துல, தட்டுகளைத் திருப்பி வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல, பள்ளிச் சீருடை போட்ட ஒரு மாணவர் நிற்கிறார். ஒரு பாட்டி விட்டுட்டுப் போன தட்டையும் சேர்த்து எடுத்து வைக்கிறார்.’

இரண்டாவது பதிலில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ‘நிலையத்துல’, ‘இடத்துக்கு’, ‘சீருடை போட்ட’, ‘விட்டுட்டுப் போன’ ஆகிய நான்கும் சரியாக விழுந்திருக்கின்றன. படக்கட்டுரை எழுதும்போதும் இதே மூன்று கேள்விகளை ஒவ்வொரு படத்திடமும் கேளுங்கள். எழுதி முடித்த பிறகு ‘முன்னால், பின்னால், அருகில், மேல், கீழ்’ என்று வரும் இடங்களை மட்டும் ஒருமுறை தேடிப் பார்த்து, அவற்றுக்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பாலர் பள்ளியில் பணியாற்றும் நண்பர்கள் வரும் வாரம் ஒரே ஒரு படத்துடன் தொடங்கிப் பாருங்கள். ஒரு பூனை, ஒரு தம்பி, ஒரு பாட்டி. கூடைக்குப் பின்னால், மரத்துக்கு மேல், வீட்டுக்கு முன்னால். யார் எங்கே என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். மற்றதைக் குழந்தைகள் சொல்லட்டும்.